யாருடைய அழுகை

வந்தாறுமூலையில் பஸ் ஏறியதிலிருந்து நானும் நண்பனும் ஒரு ராக் குழுவின் போர் எதிர்ப்புப் பாடல் தொகுப்பைப் பற்றிச் சண்டை பிடித்தோம். துணிச்சல் என்றேன் நான். துரோகம் என்றான் அவன்.

முன் இருக்கையில், தையல் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த நரைத்த தலை அம்மா திரும்பினார்.

"போடுங்க மனே, கேப்பம்."

கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டின் நடுவே ஒரு பெண்ணின் கதறல் வரும். அவர் விரல்கள் நின்றன.

"இது மெய்யான அழுகையா?"

"ஓம் அம்மா. சண்டை நேரம் பதிஞ்சது."

"அவவிட்டக் கேட்டுத்தான் போட்டவங்களா?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"அது தெரியாம, நல்லம், கூடாது எண்டு என்னடா சண்டை? நான் கத்தினதையும் ஒருத்தன் படம் பிடிச்சவன். எங்கெங்க ஓடுதோ!"

ஏறாவூரில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பாட்டு எனக்கு இன்றும் பிடிக்கும். கதறல் வரும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுகிறேன். அதைக் கேட்க எனக்கு யார் அனுமதி தந்தது?