குளத்துக்குள் ஒரு மாட்டுப்பட்டி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய கிளென் ஈடன் வாடகை வீட்டுக்கு வந்த ஆங்கிலக் காகிதங்களை எல்லாம் பத்து வயதில் நான்தான் வாசித்தேன்.

அகதி நேர்காணலுக்கு முதல் நாள் எங்கள் வழக்கை நடத்தும் லோயர் வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். வெள்ளைக்காரர் காலத்தில் அளந்த, வன்னியின் வறண்ட மேய்ச்சல் நிலம். அப்பா உண்மையிலேயே அங்கு மாடு வளர்த்தாரா என்று நாளை கேட்பார்கள். பதில் பிசகினால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. "பொழுது எந்தப் பக்கத்தால வரும்?" என்று கேட்டார். படத்தில் கிழக்கைக் காட்டினேன். ஓர் ஓடையின் கோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்தி, நீலக் குளமொன்றின் நடுவில் நிறுத்தினார்.

"இதுக்குள்ளதான் எங்கட பட்டி."

"அது தண்ணி, அப்பா."

"ஓம், குளம்தானே."

"அப்ப மாடெல்லாம் நீந்திக்கொண்டே நிண்டது?"

அம்மா குறுக்கிட்டார். "அவள் படிக்கிற பிள்ளை. சொல்லுறதைக் கேளுங்கோவன்."

லோயர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டி குளத்துக்கு வெளியே என்று அப்பா சொல்வதாக ஆங்கிலத்தில் சொல்லி, வெள்ளையாக இருந்த நிலத்தில் நானே பென்சிலால் குறுக்கும் மறுக்குமாக இரு கோடு இழுத்துப் புள்ளடி போட்டேன்.

"அங்க புல்லே இல்லையே, பிள்ளை" என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. லோயர் புள்ளடியைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டார்.

மறுநாள் நேர்காணல் அறைக்குள் வேறு மொழிபெயர்ப்பாளர். அம்மாவும் நானும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டித்தான் கதவு திறந்தது. லோயரின் முகம் வெளிறியிருந்தது. அப்பா குளத்தின் நடுவைக் காட்டியிருக்கிறார். முதல் நாள் அறிக்கைக்கு ஏன் வேறு இடம் காட்டினீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். ஏன் என்று இப்போதாவது கேட்டுச் சொல் என்றார் லோயர். கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நேற்று எனக்குப் படம் விளங்கேல்லை எண்டு சொல்லு."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

முதல் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டில்தான் தப்பினோம். அளந்தவர்கள் மாரியில் நிரம்பிய குளத்தை வரைந்திருந்தார்கள். கோடையில் ஊரே காய்ந்த பிறகு புல் மிஞ்சுவது வற்றிய குளத்தின் அடியில்தான். பட்டியையும் அங்கேதான் இறக்குவார்கள். இப்போது பழைய வரைபடங்களோடுதான் என் வேலை, அதனால் தெரியும். அன்றோ, படம் விளங்காதது தனக்குத்தான் என்று அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற பெருமையில், ரயிலில் வீடு வரும்வரை நிமிர்ந்தே இருந்தேன்.