மூன்று குரல்கள்

சித்தூரில் சிறுமியர் இல்லம் ஒன்றில் பிள்ளைகளின் பராமரிப்புத் திட்டங்களைச் சரிபார்க்க, வெளியாளாக என்னை நியமித்திருந்தார்கள். பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்ட பிள்ளைகளே அங்கே அதிகம். ஒருத்தியின் கோப்பில் மாதாமாதம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனால் இரண்டு வருடமாக அவள் உயரம் மட்டும் ஏறவே இல்லை.

வார்டனிடம் அவளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னதும் கூடத்தின் மூன்று மூலைகளிலிருந்து, "பிரசென்ட் மேடம்" என்று மூன்று குரல்கள் வந்தன.

அதில் ஒரு சிறுமியைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"அவளை யாரோ இட்டுக்கினு பூட்டாங்க மேடம். பேரு கூப்ட்டா நாங்கதான் பிரசென்ட் சொல்லிக்கினு இருக்கோம்."

அன்றே மேலதிகாரிகளுக்கு எழுதினேன். பலமனேரில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவளை மீட்டு வந்தார்கள். அடுத்த பராமரிப்புத் திட்டத்தை நானே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளையே கேட்டு எழுதினேன்.