மஞ்சள், மணல், எண்ணெய், மருதாணி

என் தங்கை ஷாரோன் தை மாதக் கல்யாணச் சீசனில் மூன்று நாள் அழுக்குத் துணி பிரித்தாள். அவளுக்கு வேலை நாவலூரில், பதினோரு பேர் இருக்கும் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில். துணி பிரித்தது திருவிடந்தையில், நான் சூப்பர்வைசராக இருக்கும் லாண்டரியில். அந்த மூன்று நாளையும் அவள் கம்பெனி விடுப்பாகத்தான் எழுதிக்கொண்டது.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்து எங்களை வளர்த்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஷாரோன் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் முடித்தாள். எங்கள் அம்மா மார்கரெட்டுக்குப் படிக்க வராது. வீட்டுக்கு முதல் போன் வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஷாரோன் அதில் பெயர்களையே போடவில்லை. ஒன்றை அழுத்தினால் நான், இரண்டை அழுத்தினால் செங்கல்பட்டு அத்தை, மூன்றை அழுத்தினால் சித்தப்பா. ஏன் அப்படி என்று கேட்டேன். "அம்மா ஜெபத்துல இந்த வரிசையிலதான்ணா பேரு சொல்லும்" என்றாள். அம்மா அன்றைக்கே தானாகப் போன் பேசியது.

கம்பெனியில் சேர்ந்த முதல் ஒன்றரை வருடம் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. சாப்ட்வேர் வாங்கியவர்கள் திட்டுவார்கள், இவள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் ஆசைப்பட்டது திரைகளை வடிவமைக்கும் வேலைக்கு. போன நவம்பரில் எங்கள் லாண்டரி முதலாளி ஜானகிராமன், துணிக் கணக்குக்கு ஒரு ஆப் வேண்டும் என்றார். நான்தான் தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய டீம் லீடர் பரணிதரன் அந்த வேலையை அவளிடமே கொடுத்தார்.

"லாண்டரிக்காரருக்கு பதினஞ்சு நாள் டிரையல், ஷாரோன். அவர் சரின்னு சொன்னா நீ டிசைன்லயே இரு. இல்லேன்னா மறுபடி போன் எடுக்கப் போகணும். என்னால அதுக்கு மேல பேச முடியாது."

எங்கள் லாண்டரிக்கு கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பதினான்கு ரிசார்ட்டுகளின் பெட்ஷீட், டவல், தலையணை உறை எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் துணியின் மூலையில் ஒரு நிற நூல் தைத்திருக்கும். வண்டி வந்ததும் வாசலில் நான் ரிசார்ட் வாரியாக எண்ணி நோட்டில் எழுதுவேன். உள்ளே பிரிக்கும் மேசையில் பாப்பா அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் பிரிப்பார்கள். பிறகு மெஷின், காய வைப்பது, மடிக்கும் மேசை.

வேலை எப்படி நடக்கிறது என்று ஷாரோன் என்னிடம்தான் கேட்டாள். நான்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஏழு வருட நோட்டுகளையும் எடுத்துக் காட்டினேன். அவளும் அப்படியே செய்தாள். பிரிக்கும் மேசையில் ஒரு டேப்லெட். அதில் பதினான்கு ரிசார்ட் பெயர்கள். துணியை எடுத்ததும் பெயரைத் தொட வேண்டும், பிறகு அது பெட்ஷீட்டா டவலா என்று தொட வேண்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரையலின் ஐந்தாம் நாள் மாலை கணக்கு பார்த்தோம். பட்டியலில் முதலில் இருக்கும் ரிசார்ட்டில் மொத்தமே நாற்பது அறை. அதற்கு அன்று ஒரே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்ஷீட் வந்ததாக ஆப் காட்டியது.

"இன்னாக்கா இது?" என்று பாப்பா அக்காவைக் கேட்டேன்.

"அதான் மேல கீது. கைக்கு அதான் வருது" என்றது. "ஒவ்வொண்ணுத்துக்கும் நூலைத் தேடி, பேரைத் தேடிகினு இருந்தா வண்டி மேல வண்டி நிக்கும் தம்பி."

ஆறாம் நாள் இன்னும் மோசம். மஞ்சள் பட்ட ஒரு பெட்ஷீட் வெள்ளை டவல்களோடு மெஷினுக்குள் போய்விட்டது. நாற்பத்தெட்டு டவல் செம்மஞ்சளாக வெளியே வந்தன. முதலாளி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"இதுங்களுக்குப் போனே தெரியாது. இதுங்க கையில இதைக் கொடுத்தது என் தப்பு. பதினஞ்சு நாள் எதுக்கு, இன்னைக்கே கழட்டிடலாம்."

ஷாரோன் அன்று அரை நாள் அனுமதி கேட்டு வந்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"சார், பாப்பா அக்கா துபாய்ல இருக்கிற பையனோட தினம் வீடியோல பேசுது. போன் அதுக்குத் தெரியும். அக்கா வேலைதான் எனக்குத் தெரியல. மிச்சம் இருக்கிற நாளை எனக்குக் கொடுங்க. நான் இங்க நின்னு வேலை செய்யறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒம்போது நாள் கீது. என்னமோ செய்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் கையில் ஒரு நோட்டோடு பிரிக்கும் மேசைக்குப் போனாள். பாப்பா அக்கா நோட்டைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தது.

"எழுதறதுன்னா உங்க அண்ணாத்த கிட்ட போ கண்ணு. இங்க கை வேணும். இந்தா, கிளவுஸ் போடு."

தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சென்டும் கலந்த வாடையில் முதல் நாள் மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் உள்ளே நுழைந்தேன். அவள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, கோச்சுக்காத. நீ உள்ள வராத."

"ஏன்?"

"நீ வந்தா அவங்க வேற மாதிரி வேலை செய்யறாங்க."

எனக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து பாப்பா அக்காதான் பதில் சொன்னது. "நீ உள்ள வந்தா ஓட்டல் வாரியா அடுக்குவோம் தம்பி. அந்தாண்ட போனதும் கலைச்சுட்டு எங்க வாரியா அடுக்குவோம். உனக்கு அதுல ஒரு சந்தோசம், கெடுப்பானேன்னுதான்." மற்ற பெண்கள் துணிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள்.

அவர்கள் வாரி என்பது இதுதான். எந்த ரிசார்ட் என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. அழுக்கைப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டு மஞ்சள் ஒரு குவியல். சோப்புத்தூள் பட்டால் சிவந்து மற்றதில் ஏறிவிடும், தனியாக அலசி வெயிலில் போட வேண்டும். கடற்கரை மணல் ஒரு குவியல். உதறாமல் போட்டால் மெஷின் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் ஒரு குவியல், அதற்குச் சுடுதண்ணீர். மருதாணி ஒரு குவியல், அதை ஊற வைக்க வேண்டும். ஷாரோனின் ஆப் அவர்களை ரிசார்ட் வாரியாகப் பிரிக்க வைத்ததால்தான் அன்று மஞ்சள் தவறிப்போனது. அந்த ஆப்பை அவள் என் நோட்டைப் பார்த்துச் செய்திருந்தாள். என் நோட்டு வாசலில் எழுதப்பட்டது. ஏழு வருடமாக உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது.

மூன்று நாள் முடிந்ததும் அவள் திரையை முழுவதும் மாற்றினாள். இப்போது பிரிக்கும் மேசையில் நான்கே நான்கு பெரிய படங்கள்: மஞ்சள் கிழங்கு, மணல், எண்ணெய்ச் சொட்டு, மருதாணிக் கை. ஈரக் கிளவுஸ் போட்ட விரல் முட்டியால் இடித்தாலும் போதும். ரிசார்ட் கணக்கை அவள் மடிக்கும் மேசைக்குக் கொண்டுபோனாள். அங்கே துணி சுத்தமாக இருக்கிறது, கை காய்ந்திருக்கிறது, அடுக்குவதற்காக எப்படியும் மூலை நூலைப் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள்.

"அண்ணா, கேட்ல நீ எண்ண வேணாம். மூட்டையை எடை போட்டா போதுமா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்த இருபத்திரண்டு மூட்டைகளையும் எடையும் போட்டேன், எண்ணியும் பார்த்தேன். பெட்ஷீட் மூட்டைகளில் எடைக் கணக்கு மூன்று உருப்படிக்கு மேல் தவறவில்லை. நீச்சல் குளத்து டவல் மூட்டையில் மட்டும் ஈரத்தால் பதினேழு கூடிவிட்டது. எழுதிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, வாசலில் எனக்கென்று வைத்த திரையில் 'ஈரம்' என்று ஒரு பட்டன் வைத்தாள். அந்த மூட்டையை மட்டும் எண்ணினால் போதும்.

கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு முதலாளியும் பரணிதரனும் வந்தார்கள். முந்தின நாள் இரண்டு கல்யாணம் முடிந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து காலையில் ஒன்பது மூட்டைகள் வந்திருந்தன. முதலாளி யாரையும் நம்பாமல் அவற்றைத் தானே வாசலில் உட்கார்ந்து எண்ணியிருந்தார். நானூற்றுப் பதினெட்டு. மடிக்கும் மேசைத் திரையில் நானூற்றுப் பதினேழு.

"ஒண்ணு எங்க?" என்றார்.

ஷாரோன் திரையை மறுபடி பார்த்தாள், அடுக்கைப் பார்த்தாள். பரணிதரன் போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் நின்றார்.

பாப்பா அக்கா பிரிக்கும் மேசையிலிருந்து ஒரு பெட்ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தது.

"இது கிழிஞ்சுது. மெஷின்ல போட்டா இன்னும் கிழியும்னு தனியா வச்சேன். இதுக்குப் படம் எங்க கீது?"

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள் ஷாரோன்.

"நீ நின்ன மூணு நாளும் ஒண்ணும் கிழியல. நான் இன்னா, வேணும்னு கிழிச்சுக் காட்டவா?"

முதலாளி அந்தப் பெட்ஷீட்டை விரித்துக் கிழிசலைப் பார்த்தார். அடுத்த வண்டியில் வந்த மஞ்சள் குவியல் தனியாக வெயிலில் காய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இந்த வாரம் ஒரு டவலும் நிறம் மாறவில்லை என்று நான் சொன்னேன்.

"கிழிசலுக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார் ஷாரோனிடம். "திங்கக்கிழமையிலேருந்து இதுலயே ஓட்டிக்கலாம்."

பரணிதரன் போனைப் பையில் போட்டார். "அப்போ நீ இனிமே டிசைன்ல எங்ககூடவே உக்காரு ஷாரோன். போன் எடுக்க வேற ஆள் பாத்துக்கறேன். வா, நான் கார்ல போறேன், நாவலூர்ல இறக்கி விடறேன்."

"நீங்க போங்க சார். எனக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும்."

அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பிரிக்கும் மேசைக்குப் போனாள். "கிழிசல் படத்தை எங்க வைக்கட்டும்க்கா, மேலயா கீழயா?" என்று அவள் கேட்டது வாசல் வரை கேட்டது.

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இடது கைப் பக்கம். கிழிஞ்சதை அந்தாண்ட ஜன்னல் ஓரம்தான் போடுவோம்."

அரை மணி நேரம் என்றவள் ஐந்தரைக்குத்தான் வெளியே வந்தாள். கிளவுஸைக் கழற்ற மறந்திருந்தாள்.