எல்லாரும் மூன்று என்றபோது

அட்டை கறுப்பா, நீலமா என்று பைண்டிங் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் கைப்பேசி அடித்தது. எங்கள் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்கு எதிரே இருக்கிற சின்னக் கடை. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கிற எல்லாரும் அங்கேதான் அட்டை போடுவார்கள். என் சிநேகிதி புஷ்பராணிக்கு அந்த மாதக் கடைசிவரைதான் தவணை. அதற்குமேல் ஒரு நாளும் தரமாட்டோம் என்று பீடம் கறாராகச் சொல்லிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. எப்படியும் எழுதிவிடுவாள், கடையில் முன்னாலேயே சொல்லிவைப்போம் என்று போயிருந்தேன். அழைத்தது அவள் தம்பி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து. "மிஸ், அக்கா போயிருச்சுங்க" என்றார். எலிக்காய்ச்சல். ஒரு வாரம்கூட ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை. நான் கைப்பேசியை வைத்துவிட்டு, "கறுப்பு" என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவளை அறிந்த பலர் இதை வாசிப்பீர்கள். "ஐயோ பாவம், தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவள் பாவமும் இல்லை, தங்கமும் இல்லை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஆய்வு மாணவர் அறையில் தோட்டத்து லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ரம்புக்கனைப் பக்கம். அவள் குருவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். முதல் நாளே என்னைப் பார்த்து, "என்னா புள்ள, நீயும் லயத்துப் புள்ளதானே? பின்ன எதுக்கு கொழும்பு மாதிரி பேசுற?" என்று கேட்டவள் அவள்.

எங்கள் அறைக்கு வெளியே ஒரு பலகை உண்டு. ஆராய்ச்சி உதவியாளர் பதவி, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்று வாய்ப்புகளை அதில் ஒட்டுவார்கள். எங்கள் இருவருக்கும் மேற்பார்வையாளரான பேராசிரியர் ஒருநாள் அவளை அந்தப் பலகையின் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். வங்கி வாடிக்கையாளர் திருப்தியைத் தலைப்பாக எடுத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றார். நல்ல மனுஷர், மனசார சொன்னார். அவள் சிங்களத்தில் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. "சேர், பேங்குக்குப் போறவங்களுக்குத் திருப்தியான்னு கேக்க ஆயிரம் பேர் இருக்காங்க. றப்பர் பால் வெட்டுறவங்கள யாரு கேக்குறா?" வங்கித் தலைப்பு என்னிடம் வந்தது. நான் போனேன், முடித்தேன், விரிவுரையாளர் ஆனேன். அவள் தோட்டத்துக்குப் போனாள். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறிய பிறகு, தொழிலாளி சொல்வதை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்கிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு.

ஆய்வு தொடங்கியதே கோளாறாகத்தான். அப்போது நான் இன்னும் வெளிநாடு போகவில்லை. பீடத்து வழக்கப்படி ஒரு வினாத்தாள். கேள்விக்கு ஐந்து பதில்கள்: ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. தோட்டத்து நிர்வாகியான துரையிடம் அனுமதி வாங்கி, லயம் லயமாகப் போய், மாதக்கணக்கில் கேட்டுக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தாள். நானும் அவளும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் மூன்று. சம்பளத்துக்கு மூன்று, தண்ணீருக்கு மூன்று, ஒழுகுகிற கூரைக்கும் மூன்று. பல் இல்லாத கிழவிக்கும் மூன்று, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் மூன்று. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அடுத்த நாளே தோட்டத்துக்குப் போய்த் தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். தலைவர் மறைக்கவே இல்லை, பெருமையாகவே சொன்னார். "காம்பஸ்ல இருந்து கேள்வி கேக்க வாறாங்கன்னு தெரிஞ்சதுமே கூட்டம் போட்டுட்டோம்ல. ஒருத்தி ஒண்ணு சொல்லி, இன்னொருத்தி வேற சொன்னா, நாளைக்கு தொரை யாருன்னு தேடுவாரு. நடுவுல நின்னுட்டா வம்பில்ல பாருங்க. ஒனக்கும் கணக்குப் போட லேசு தாயி." சம்பளப் போராட்டம் என்றால் ஒரே குரலில் பேசிப் பழகியவர்கள். வினாத்தாளையும் அப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். அவர்களை நான் என்னவென்று குறை சொல்ல?

பேராசிரியர் அத்தனையையும் குப்பையில் போடச் சொன்னார். இவள் விடவில்லை. "சேர், தனியா ஒரு வார்த்தை சொல்லப் பயப்புடுறாங்க. இதுதான் சேர் என் ஆய்வு" என்றாள். அப்படியானால் சமூகவியலுக்குப் போ, இது முகாமைத்துவம் இல்லை என்றார் அவர். மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். பயந்துதான் ஒரே பதில் சொன்னார்கள் என்று நீ சொன்னால் போதாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்கள் தாமாக எதையாவது செய்ததைக் காட்டு, அதைக் கடைசி அத்தியாயமாக வை, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அந்த ஒரு அத்தியாயம் அவள் உயிரை வாங்கியது. வருஷக்கணக்கில் அலைந்தாள். வினாத்தாளை மூடிவைத்துவிட்டு, விடியற்காலையில் பெண்களோடு மலைக்கு ஏறிப் பால் வாளி தூக்கினாள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பேச்சும் இல்லை. அந்த ஊரில் மழை பெய்யாத நாள் ஏது? அப்போது யுத்த காலம் வேறு. தமிழ்ப் பெண், பையில் ஒலிப்பதிவுக் கருவி. ஒரு சோதனைச் சாவடியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார வைத்தார்கள். அவளுடைய சிங்களம் வாயைத் திறந்ததும் ஊர்க்காரி என்று காட்டும், அதனால் தப்பினாள். ஒலிநாடாக்கள் திரும்பி வரவில்லை. இத்தனைக்கும் பிறகு மலையில் என்ன கேட்டாலும், "தலைவர் சொன்னதுதாங்க" என்பார்கள். "தலைவர் சொன்னது சரி. நீ என்னா சொல்ற?" என்பாள் இவள். அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. சிற்றுண்டிச்சாலையில் நான் எதற்காவது பொத்தாம்பொதுவாகத் தலையாட்டினால் உடனே கேட்பாள்: "தலைவர் சொன்னது சரி புள்ள. நீ என்னா சொல்ற?"

கடைசித் தவணை கிடைத்ததும் இன்னொரு தடவை தோட்டத்துக்குப் போனாள். வெள்ளம் வடிந்தும் வடியாத நேரம், முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறாள். காய்ச்சலோடு என்னை அழைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போடி என்று கத்தினேன். எழுதிவிட்டுப் போகிறேன் என்றாள். "தோட்டத்துல அரை நாள் வெட்டுனாக்கூட அரைப் பேர் போட்டு பாதிச் சம்பளம் குடுப்பாங்க. இங்க முக்காவாசி எழுதி என்னா பிரயோசனம்? ஒண்ணுமே இல்லையே புள்ள." அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. நான் நேரே போய் அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கத்தன்று அதிசயமாக மழை இல்லை. பால் வெட்டுக்குத் தோதான வெயில். பின்னேரம் எடுப்பதாக இருந்தது. லயத்து வாசலில் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உச்சிவேளைக்கு முன்னாலேயே மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். இரண்டு பேராக, மூன்று பேராக, சிலர் தனித்தனியாக. தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்கவில்லை. வாளிகள் காலியாக இருந்தன. வெட்டிய பாலை எடுக்காமலே வந்திருந்தார்கள். அது மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறைந்துபோகும். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னைக்கி எல்லாருக்கும் அரைப் பேர்தான் மிஸ். முழுப் பேர் போட ஏலாதுன்னுட்டாரு தொரை." அவர் பெட்டியைப் பார்த்தார். "இந்த தடவ நான் கூட்டம் போடலிங்க. ஒருத்திக்கும் ஒண்ணும் சொல்லல. அவ அவளா எறங்கி வந்துட்டாளுங்க."

பாவி, இதைத்தானே இத்தனை வருஷம் தேடினாய்? எழுந்து எழுதடி என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் பீடத்தின் ஆய்வுக் குழு கூடியது. மாணவி இறந்துவிட்டதால் பதிவு இரத்து என்று குழுத் தலைவர் வாசித்தார். தோட்டத்தில் நடந்ததை நான் எழுதிச் சேர்க்கிறேன், அவள் பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார். அதை ஏற்கிறோமா என்று கேட்டார். மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. பேராசிரியர் மேசையையே பார்த்தபடி ஆட்டினார். எல்லாரும் மூன்று. இல்லை என்று நான் கையைத் தூக்கினேன். ஒரே ஒரு கை. பதிவு இரத்தாகிவிட்டது.

அவளுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். பட்டமும் இல்லை, புத்தகமும் இல்லை. அவளைத் தெரிந்தவர்களே, அந்த மேசையைச் சுற்றி உங்களில் சிலரும் இருந்தீர்கள். தலைவர் சொன்னது சரி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?