தேரியில் ஒற்றைப் பனை

போன சனிக்கிழமை நானும் என் மதினியும் தொலைந்து போனோம்.

திருவிழாக் கூட்டத்தில் அல்ல. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டில். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு!

மதினி என்றால் என் கணவரின் அக்கா. பெயர் கோமதி. என் மாமனார் சாத்தான்குளத்தில் வாத்தியாராக இருந்ததால், கல்யாணம் ஆகும்வரை மதினி வளர்ந்தது அங்கேதான். பிறகு பம்பாய். 'எங்க ஜில்லாவில் கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாலைவனம் இருக்கு, செக்கச்செவேல்னு' என்று முப்பது வருஷமாகப் பக்கத்து ஃபிளாட்காரர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருத்தரும் நம்பவில்லை. இந்தத் தடவை பாளையங்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வரும்போது கையில் கேமரா!

நம்பாதவர்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது? தாமிரபரணிக் கரையில் எங்கே பார்த்தாலும் வயலும் வாழையும். அங்கிருந்து பஸ் ஏறி, இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் குங்குமத்தைக் குவித்து வைத்த மாதிரி மணல்மேடுகள். மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணைக் காற்று தூக்கிவந்து கொட்டியது என்கிறார்கள். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போனது என்பவர்களும் உண்டு. இரண்டுமே எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் சண்டை போடத் தகுந்த விஷயங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், "யாரிடமாவது வழி கேட்டுக்கிடலாமா மதினி?" என்றேன்.

"ஏளா, எனக்கா வழி? அந்தா தெரியுது பாரு மேடு. அதுக்கு அங்கிட்டு ஒத்தப் பனை ஒண்ணு உசரமா நிக்கும். அங்கன நின்னு பாத்தா மொத்தத் தேரியும் தெரியும். கால்மணி நேர நடைதான்."

நடந்தோம். ஒரு மேடு. இன்னொரு மேடு. மூன்றாவது... பனையைக் காணோம். திரும்பிவிடலாம் என்று பின்னால் பார்த்தேன். எங்கள் காலடித் தடத்தையும் காணோம்! ஆடிக் காற்று அதை அப்போதே துடைத்துவிட்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு. தண்ணீர் பாட்டில் காலி. நெற்றிப்பொட்டு முதல் பல் இடுக்கு வரை மணல்.

ஒரு வடலி — அதாவது இளம்பனை — ஆளுயரத்துக்கு ஓலை விரித்து நின்றது. மதினி அதன் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே பிரஷர். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து...

"என்னால முடியலளா. நீ போய் யாரையாவது கூட்டிட்டு வா."

எப்படிப் போவது? திரும்பி வர வழி தெரிய வேண்டுமே! என் மஞ்சள் துண்டை ஓலையில் கட்டினேன். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே மேட்டில் ஏறினேன். உச்சியில் நின்று கத்தினேன். வகுப்பில் அறுபது பேரை அடக்குகிற குரல்... காற்றில் காணாமல் போயிற்று. அன்றுதான் முதல்முறையாக எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

நாலாவது கத்தலுக்குப் பதில் வந்தது. "யாரது? அங்கனயே நில்லுங்க!"

சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் முண்டாசு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் செல்வக்கனி. வனத்துறைக்காகத் தேரியில் மரக்கன்று நடுகிற வேலை. நான் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் துண்டைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

மதினியின் தலையை மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள். "பைய குடிங்கம்மா... பைய."

நானும் குடித்தேன். இளநீர் தோற்றது. "இந்த மணலுக்குள் ஏது இவ்வளவு நல்ல தண்ணி?"

"பெய்த மழைய எல்லாம் தேரிதான குடிச்சு வச்சிருக்கு! அந்தப் பள்ளத்துல முழங்கால் ஆழம் தோண்டுனா ஊறும்க்கா. கன்னுக்கு ஊத்துத தண்ணிதான் இது."

ஓலையில் சாய்ந்து உட்கார்ந்ததும் மதினிக்குப் பேச்சு வந்தது. வந்ததும் முதல் கேள்வி: "இங்கன ஒத்தப் பனை ஒண்ணு நின்னுச்சே, அத வெட்டிட்டாங்களா?"

செல்வக்கனி சிரித்தாள். "யாரு வெட்டுனா? அதுமேலதான சாஞ்சிருக்கிய!"

"இது வடலியில்லா?"

"கொண்டை மட்டுந்தாம்மா வெளிய தெரியுது. மரம் கீழ நிக்கி. எங்கண்ணன் இதுல ஏறிப் பதனி எறக்கிருக்கான். மண்ணு நடந்து வந்து மூடிட்டு."

மதினி எழுந்து நின்று ஓலையைத் தொட்டுப் பார்த்தார். குருத்து பச்சையாகத்தான் இருந்தது. "உசுரோடதான் இருக்கு..." என்றார். கண் கலங்கியிருந்தது. மணல் பட்டிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"அப்போ உங்க ஊரையும் இது மூடிருமா?" என்று கேட்டேன்.

"மூட விட்டுருவமா? அதுக்குத்தான உடைமுள்ளு வெதையும் கொல்லாங்கன்னும், அதான் முந்திரி, போட்டு மண்ணப் புடிச்சுக் கட்டுதோம். போன வருசம் போட்டது இடுப்புக்கு வந்துட்டு. வேர் புடிச்சுட்டா அதுக்கப்புறம் நடக்க மாட்டான்!"

மணலை 'அவன்' என்கிறாள். பக்கத்து வயல்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

சரித்திர வகுப்பில் 'கொற்கை — துறைமுகம்' என்று போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். நேரில் போய் நின்றால் வாழைத்தோட்டம்தான் இருக்கிறது. ஆறு கொண்டுவந்த மண் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. இங்கே கடல் நகரும், ஆறு திரும்பும், மேடு நடக்கும். எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்புகிறவர்கள் யார்? பாடம் எடுக்கிற நானும், பம்பாய்க்குப் போனவர்களும்தான். இங்கேயே இருக்கிறவர்களுக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. கையில் விதை இருக்கிறது.

செல்வக்கனி எங்களை பஸ் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரி விட்டு வந்தால், 'வெளிய போயிட்டு வாறேன்' என்று விடியுமுன்பே கிளம்பிப் போன மதினி வாசல்படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண் எல்லாம் சிவப்பு.

"எங்க போயிட்டு வாறிய?"

"செல்வக்கனிகூட கன்னு நட. வெயிலுக்கு முந்தி இருபது குழி! நாளைக்கும் வாறேன்னு சொல்லிருக்கேன்" என்றவர், வெள்ளிக்கிழமை பம்பாய் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார்.

முப்பது வருஷமாக லீவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்... இப்போதுதான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்!