என் மரணச் செய்தி சுவர் வழியாக வந்தது

எங்கள் மலையூர் வெலிங்டன் வரலாறு காணாத மாபெரும் யுத்தம் இன்று மாலை நடந்தது. ஆயுதம், செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு. எதிரி, ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ரமேஷ்.

தோற்றவர் இந்த மாதம் முழுக்க ஸ்கூட்டரை மேல் ரோட்டில்தான் நிறுத்த வேண்டும். அங்கே காட்டெருமைகள் வண்டியில் முதுகு சொறிந்துகொள்ளும்.

நான் சிங்கம்போலப் பாய்ந்து சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து ரமேஷின் குரல்.

“ஏனுங்ணா, நீங்க செத்துப்போயிட்டீங்க!”

“யாருப்பா சொன்னது? இங்க ஓடிக்கிட்டிருக்கேன்!”

“இன்னும் உங்களுக்குச் சேதி வரலீங்களா?”

வந்தது. திரையில் பொத்தென்று விழுந்தேன்.

உடனே எங்கள் இன்டர்நெட் லைன்காரரைப் போனில் பிடித்து, நான் செத்தது ரமேஷுக்கு மட்டும் எப்படி முந்தித் தெரிகிறது என்று கேட்டேன்.

“அவுரு வேற கம்பெனிங்க, அந்த லைன் கேம் சர்வருக்கு நேராப் போயிரும். நம்மளுது நாலு ஊர் சுத்திட்டுத்தான் போகுமுங்க” என்றார், கோயில் தேரைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாக.

ஸ்கூட்டரை மேல் ரோட்டில் விட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி நல்லது என்று யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம். ரமேஷை என் கம்பெனிக்கு மாற வைக்க வழி தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டில் வரவும்.