முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். லேபில் உள்ளவர்கள் நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்கள். யாராவது ஐஸ் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் நான் போடும் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட நானே ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்புக்காக என்னைக் கிழி கிழி என்று கிழித்த ஒருவருக்குத்தான் இன்று வரை நான் அதிகமாக நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சேலையூர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் இடம். கீழே தோல் நோய் கிளினிக், மாடியில் ஆராய்ச்சி லேப். சொரியாசிஸ் மாதிரி வருஷக்கணக்கில் விடாத தோல் நோய்கள்தான் எங்கள் வேலை. உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு செல்கள் சொந்தத் தோலோடேயே சண்டைக்குப் போவதால் வருவது அது. தொட்டால் ஒட்டாது. இதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வேன். கேட்பவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

என்னைக் கிழித்த அந்த அக்கா எங்கள் கிளினிக் நோயாளி, மாடம்பாக்கத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப், மருதாணி, புடவை மடிப்பு எல்லாம் அவர் கைதான். அந்தக் கையில்தான் சொரியாசிஸ். ஆயின்மென்ட் போட்டால் அடங்கும், விட்டால் விரல் முட்டியெல்லாம் சிவந்து செதில் செதிலாக உதிரும். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"மருந்து போட்டா சுத்தமா மறைஞ்சுடுது மேடம். அப்பால வந்தா அதே எடத்துலதான் வருது. ஒரு இஞ்ச் தள்ளி வந்தா இன்னா? அட்ரஸ் எழுதி வெச்சிக்கினு வருதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியில் நாங்கள் இத்தனை மெஷின்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததும் அதே கேள்விக்குத்தான். தோல் ஆறின பிறகும் சில செல்கள் இடத்தைக் காலி பண்ணாமல் உள்ளேயே குடியிருக்கின்றன, சமயம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கின்றன. அவற்றை உயிரோடு வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு, நாலு வாரம் மருந்தே படாத தோலிலிருந்து மிளகு அளவு ஒரு துண்டு தேவை.

எங்கள் டாக்டரம்மா அதையெல்லாம் அக்காவுக்கு விளக்கி, ஃபாரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினார். இஷ்டமில்லை என்றால் வேண்டாம், வைத்தியம் எப்போதும் போல நடக்கும் என்றார். அக்கா மாதத்தைக் கணக்குப் போட்டார்.

"ஆடியில வெச்சிக்கலாமா? ஆடியில எவன் கல்யாணம் பண்றான்? நான் பார்லர்ல ஈதான் ஓட்டிக்கினு இருப்பேன்."

ஆடி முதல் தேதி மருந்தை நிறுத்தினார். வாரா வாரம் கையைக் காட்டிவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் விரல்கள் வெடித்து, மடக்கவே முடியவில்லை. டாக்டர், "போதும்மா, நிறுத்திக்கலாம்" என்றார். "இவ்ளோ தூரம் வந்துட்டு பாதியில எறங்கச் சொல்றீங்களே" என்று அக்கா அவரையே மடக்கினார்.

நாலு வாரம் முடிந்தது. அன்றைக்குத்தான் என் கை வேலையைக் காட்டியது.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் நான் குரோம்பேட்டையில் ஒரு சாதாரண டெஸ்ட் லேபில் இருந்தேன். அங்கே டாக்டர் எதை வெட்டிக் கொடுத்தாலும் ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின் சதையை அழுகாமல் வைத்திருக்கும். அதில் இருக்கிற செல் ஒன்றையும் உயிரோடு விடாது. ஆராய்ச்சிக்கு எடுக்கும் துண்டையோ ரோஸ் கலரில் ஒரு திரவத்தில் போட்டு, ஐஸில் வைத்துக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டும். அன்று அடுத்த நோயாளிக்காக ஃபார்மலின் பாட்டிலும் அதே டிரேயில் இருந்தது. டாக்டர் துண்டை நீட்டினார். "அவ்ளோதான்க்கா, முடிஞ்சுது" என்று அக்காவிடம் பேசிக்கொண்டே வாங்கினேன். பழக்கதோஷம், கை தன் பாட்டுக்கு ஃபார்மலினில் போட்டு மூடிவிட்டது. அந்த ரூமில் எப்போதுமே அந்த நெடி இருக்கும், அதனால் மூக்கும் எச்சரிக்கவில்லை.

மாடிக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். துண்டு கிடந்த திரவம் ரோஸாக இல்லை, தண்ணீர் நிறத்தில் இருந்தது. கீழே ஓடினால் அக்கா ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் மருந்து போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பியதும் நானேதான்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெஜிஸ்டர்ல எழுது. அவங்ககிட்ட நேர்ல போய் உண்மையைச் சொல்லு. ஆனா இன்னொரு தடவை குடுங்கன்னு கேக்காத. நீ அழுதுகிட்டு நின்னா அவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது" என்றார்.

நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினேன். ஊரையே அதட்டுகிற வாய்க்கு அப்போது பூட்டு. அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது.

நான் போன அன்று பார்லரில் அக்கா மட்டும், கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருந்து போட ஆரம்பித்தும் கை இன்னும் முழுசாக ஆறவில்லை. முதல் முகூர்த்தத்துப் பெண்ணின் அம்மா, ட்ரையல் மேக்கப்புக்கு வந்தவர், கையைப் பார்த்துவிட்டு "எம்பொண்ணு மூஞ்சில இந்தக் கையா?" என்று மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "போவட்டும், நம்ம துண்டு இன்னா ஆச்சு மேடம்?" என்று கேட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்துவிட்டார். "நாலு வாரம். சோறு பெசைஞ்சு துண்ண முடில, எம்பொண்ணு ஊட்டி வுட்டா. நீ அத்த ஊறுகா மாதிரி பாட்டில்ல போட்டு சாவடிச்சிட்டியா? பாத்து போட மாட்ட? பேசிக்கினே போட்டியா?"

அது வரைக்கும் நான் மேடம், அதற்கப்புறம் நீ. எனக்குக் கண்ணீர் வந்தது. "அழுவாத. நீ அழுதா எனக்கு இன்னா வரப்போவுது? கெளம்பு" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டு பஸ்ஸை விட்டேன். வாங்கிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சேர வேண்டியதுதான். அவமானமாக இருந்தது, அதைவிட அந்தக் கையை நினைத்தால் தாங்க முடியவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மார்கழி பாதியில் ஒரு நாள் காலை, முழுக்கை சுடிதாரும் கிளவுஸுமாக அக்கா கிளினிக்குக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"இன்னொரு ஃபாரம் எடு" என்றார்.

டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். கேள்வி கேட்டுப் பதிலை எழுதுவது என் வேலை. கடைசியாக மருந்து போட்ட நாள் எது என்று கேட்டேன். இனிமேல்தான் நிறுத்தப் போகிறார், 'நேற்று' என்பார் என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கார்த்திகை தீபத்தன்னிக்கு போட்டது. அதுக்கப்பால நாலு வாரமா தொடல" என்று சொல்லி கிளவுஸைக் கழற்றினார். ஆடியில் பார்த்த அதே கை. எங்களிடம் சொல்லாமல் நிறுத்தியதற்கு டாக்டர் அவரை நன்றாகவே கடிந்துகொண்டார்.

"கார்த்திகையில முகூர்த்தம் இருந்துச்சேக்கா?" என்றேன்.

"இருந்துச்சு. ரெண்டு பொண்ணுங்கள வேற பார்லருக்கு அனுப்பிட்டேன். மார்கழி ஒண்ணாந்தேதி நிறுத்துனா தை பொறக்கச் சொல்ல கை இப்டியேதான் இருக்கும். ஆவணியில பட்டது போதும்."

"என் மேல கோவம் இல்லியாக்கா?"

"கோவம் கோவம்தான். அதுக்கோசரம் இந்த சனியனை சும்மா வுட்டுடறதா?"

டிரேயிலிருந்து மற்ற எல்லா பாட்டிலையும் எடுத்து அடுத்த ரூமில் வைத்துவிட்டு வந்தேன். ரோஸ் கலர் டியூப் ஒன்றுதான் இருந்தது. துண்டு உள்ளே விழும்வரை நான் வாயே திறக்கவில்லை. தையல் போட்டு, இன்றைக்கே மருந்தை ஆரம்பியுங்கள் என்று சொல்லி டாக்டர் அக்காவை அனுப்பினார்.

தோலைக் கரைத்து செல்களைப் பிரிக்க ஒரு ராத்திரி ஆகும். மறுநாள் காலை நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும், உயிருள்ளது குடிக்காது. நீலம் அங்கே இங்கே கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பளிச்சென்று, வெள்ளையாக. இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை கண் மறைத்தது, முடியவில்லை. உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"உயிரோட இருக்குக்கா. முக்கால்வாசிக்கு மேல இருக்கு."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்க்கா."

அந்தப் பக்கம் பெரிசாக ஒரு மூச்சு விடுவது கேட்டது. "சரி, அப்போ இப்ப மருந்து போட்டுக்கறேன்" என்றார்.

"நேத்தே போடச் சொன்னாங்களேக்கா?"

"நீ மறுபடியும் சொதப்பிட்டு வந்து நின்னா, இன்னொரு துண்டுக்கு நான் எங்க போவறது?"